என்ஜின்எக்ஸ் வீடு மாறிய வாரம்

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவர் போடும் மாதிரி வினாத்தாள்கள் ஒரு சின்ன இணையதளத்தில் இருக்கின்றன. அதோடு இன்னும் மூன்று தளங்களும் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) 20.04 போட்ட சர்வர் ஒன்றில் ஓடின. 2025 மே மாதத்தோடு அதன் வழக்கமான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது. போன வாரம்தான் 24.04 போட்ட புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றினேன்.

முதல் நாளே டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை சர்வரின் ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவில், டிடிஎல்லை 300 வினாடியாகக் குறைத்துவிட்டேன். பழைய முகவரியை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான் டிடிஎல். பக்கங்களை அனுப்பித்தரும் வெப்சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் கோப்புறையை அப்படியே கொண்டுவந்து கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) சோதனை ஓட்டினால், எல்லாம் சரி என்றது. டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், என் லேப்டாப்பில் மட்டும் புதிய ஐபியைப் போட்டு அப்பாவின் பக்கத்தைத் திறந்தேன். 502: பின்னால் இருக்கும் நிரலிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை.

எரர் லாகை (பிழைப் பதிவேட்டை) பார்த்ததும் புரிந்தது. பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கான சாக்கெட்டை (என்ஜின்எக்ஸ் அதோடு பேசும் வாசல்) கான்ஃபிக் தேடுகிறது. புதிய சர்வரில் இருப்பது 8.3. சோதனை எழுத்துப்பிழையைப் பிடிக்கும், தளத்தின் https சான்றிதழ் கோப்பு இல்லையென்றால் சொல்லும். அந்த சாக்கெட் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்க்காது. எண்ணை மாற்றி ரீலோட் செய்ததும் பக்கம் வந்தது. டிஎன்எஸ்ஸையும் மாற்றிவிட்டேன்.

என்னை உலுக்கியது அடுத்ததுதான். அன்று இரவு, சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டின் ஒத்திகையை ஓட்டினேன். சான்றிதழ் சிம்லிங்க்காக (வேறு கோப்பைக் காட்டும் சுட்டியாக) இருக்க வேண்டும், இல்லையே என்று நின்றுவிட்டது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் 'லைவ்' கோப்புறையில் இருப்பவை வெறும் சுட்டிகள். நிஜக் கோப்புகள் 'ஆர்க்கைவ்' கோப்புறையில் இருக்கும். நான் அவற்றை எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளையில் கொண்டுவந்தேன். அது சுட்டியைப் பின்தொடர்ந்து போய், ஒவ்வொன்றையும் நிஜக் கோப்பாக நகலெடுத்து வைத்திருக்கிறது. தளம் அப்போதைக்கு நன்றாகவே ஓடும். புதுப்பிக்க முடியாமல் சான்றிதழின் 90 நாள் ஆயுள் முடியும்போதுதான் சத்தமில்லாமல் செத்திருக்கும், அதுவும் பொதுத்தேர்வு நேரமாகப் பார்த்து. அதை நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

நல்லவேளை, பழைய சர்வரை அணைக்கவில்லை. நகலை அழித்துவிட்டு, ஆர்சிங்க் என்ற இன்னொரு நகல் கட்டளையை, சுட்டியைச் சுட்டியாகவே வைக்கும் 'ஏ' விருப்பத்தோடு ஓட்டி மறுபடி எடுத்து வந்தேன். அப்புறம் ஒத்திகை முழுசாகத் தேறியது.

பழைய சர்வரின் லாகைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். 300 வினாடி என்று சொல்லியும் இரண்டு நாள் வரை யாரோ அங்கேயே வந்து வினாத்தாள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் தேடுபொறி ரோபோக்கள் மட்டும்தான் வந்தன. ஆறாம் நாள் காலை அணைத்தேன்.