பனிக்குட நீர் பச்சையாக வந்தபோது

40 வாரம் முடிந்தும் எனக்கு வலியே வரவில்லை. சென்னை கொருக்குப்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். விடியற்காலையில் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் வெளுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நைட்டியில் பார்த்தால் பாசிப்பச்சை. அம்மா அதை வாளியில் போடப் போனார். "அலசாதம்மா, அப்படியே கவர்ல போடு" என்றேன். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிட்டோம். ரயில்வே கேட்டை நம்பாமல் ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு போனார். மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

சிஸ்டர் கேட்ட முதல் கேள்விகள்: எப்போது உடைந்தது, என்ன நிறம், நாற்றம் இருந்ததா, குழந்தை அசைகிறதா. கவரை நீட்டினேன், பிரித்துப் பார்த்துவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்றார் டாக்டர். மெக்கோனியம் என்கிற அந்த முதல் மலம்தான் பச்சைக்குக் காரணம். நாள் தாண்டினால் குடல் முதிர்ந்துவிடுவதால் தானாகவே போகலாம். ஆக்ஸிஜன் குறைந்து திணறினாலும் போகலாம். இரண்டில் எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, இதயத்துடிப்பைத்தான் பார்க்க வேண்டும். கெட்டியாக, கொழகொழவென்று இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். ரத்தமாகவே போனாலோ நாற்றம் அடித்தாலோ அது வேறு பிரச்சினை. நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம்.

"பச்சைன்னாலே ஆபரேஷன்தான்" என்று சித்தி வெளியே அழ ஆரம்பித்திருந்தார். அப்படியில்லை. வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சிடிஜி போட்டார்கள். நிமிஷத்துக்கு 110-லிருந்து 160 வரை துடிப்பு இருக்க வேண்டுமாம். என் குழந்தைக்கு அதற்குள்தான் இருந்தது, வலி வர டிரிப்ஸ் ஏற்றினார்கள். நடுவில் ஒருமுறை துடிப்பு இறங்கியது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள், ஏறிவிட்டது. ஏறாவிட்டால் தியேட்டர்தான் என்று முன்பே சொல்லி கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சுகப்பிரசவம். குழந்தைகள் டாக்டர் தயாராக நின்றார். பிறந்ததும் வீறிட்டு அழுததால் துடைத்து என் மேல் போட்டார்கள். முன்பெல்லாம் தலை வெளியே வந்ததுமே குழாய் விட்டு உறிஞ்சுவார்களாம். நன்றாக அழுகிற குழந்தைக்கு இப்போது அது தேவையில்லை என்றார். தொப்புள்கொடியும் நகங்களும் மஞ்சள் கலந்த பச்சை, மஞ்சள் பூசியது போல.

அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால்தான் சிக்கல். மிகச் சில குழந்தைகளுக்கே அப்படி ஆகிறது. மூச்சு நிமிஷத்துக்கு 60-க்கு மேல் வாங்குகிறதா, முனகுகிறதா, விலா உள்ளே இழுக்கிறதா என்று சிஸ்டர்கள் மாறி மாறி வந்து பார்த்தார்கள். எதுவும் இல்லை என்றானதும் வார்டுக்கு மாற்றினார்கள்.