சோடா பாட்டிலுக்குள் நடப்பது

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் வேதியியல் நோட்டில் எழுதியிருந்தாள்: "சமநிலையில் வினை நின்றுவிடும்." அந்த வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன், யாரும் திருத்தவில்லை.

ஒரு கோலி சோடாவை எடுத்து வைத்தேன். மூடிய பாட்டிலுக்குள் கார்பன் டை ஆக்சைடு நீரை விட்டு வெளியேறுகிறது. அதே வேகத்தில் மறுபடி நீரில் கரைகிறது. கரைந்ததில் மிகச் சிறு பகுதி கார்பானிக் அமிலமாகிறது, பிறகு பிரிகிறது. அதுவும் முன்னும் பின்னும் நடக்கும் மீள்வினைதான். போக்கும் வரவும் சரிக்குச் சரி, அதுதான் சமநிலை. வினை நிற்கவில்லை, நம் கண்ணுக்குத்தான் எதுவும் நடக்காததுபோல் இருக்கிறது. எனக்கு இந்த ஏமாற்று மிகவும் பிடிக்கும்.

கோலியை அழுத்தியதும் அழுத்தம் இறங்கி வாயு பொங்கியது. சமநிலையைக் கலைத்தால் அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கமாக அது நகரும் என்று 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

"திறந்துவிட்டால் பழைய சமநிலை வராதா, மாமா?"

"வாயு தப்பிப் போகிறதே, திரும்பி வர ஆள் ஏது?" என்றேன். பாதி சோடா அதற்குள் காலி.