ஒரு நொடித் தயக்கம்

இன்று காலை இணையவழிக் கூட்டத்தில் வருகையைச் சரிபார்த்தவர் "டேவிட்" என்று அழைத்தபோது, புதிதாகச் சேர்ந்த பிரெஞ்சு நண்பரின் உதடுகள் சற்றே பிரிந்து மூடின. அதன் பிறகுதான் அவர் "இருக்கிறேன்" என்றார்.

அந்த ஒரு நொடித் தயக்கம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

தனியே கேட்டபோது, வீட்டில் தம்மை "தவீத்" என்றுதான் அழைப்பார்கள் என்றார்.

எபிரேயத்திலிருந்து பல மொழிகளுக்குச் சென்ற பெயர் இது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் படிப்படியாக இடம்பெயர்ந்தபோது, ஆகாரமாக ஒலித்த பல அசைகள் ஏகாரத்தை நோக்கி நகர்ந்தன. பிரெஞ்சில் அந்த மாற்றம் நிகழவில்லை, ஆனால் இரு மொழியினரும் பெயரை இன்றும் ஒரே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள்.

தமிழும் இதற்கு விலக்கன்று. "கீதா" என்று எழுதினால், அது "கிளி" என்ற சொல்லில் கேட்கும் ககரமா, "சங்கு" என்ற சொல்லில் கேட்கும் ககரமா என்பதை எழுத்து காட்டுவதில்லை. சொல்பவரின் பழக்கமே முடிவு செய்கிறது. ஆகவே மாற்றி ஒலிப்பவரை அலட்சியக்காரர் என்று உடனே எண்ணிவிடுவது நியாயமில்லை என்றே கருதுகிறேன். ஆனாலும், ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

மாலையில் நான் "தவீத்" என்று அழைத்தேன். இம்முறை அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.