மூன்றரை டாலரில் பார்படாஸ்

கரீபியன் தீவு நாடான பார்படாஸின் கிராண்ட்லி ஆடம்ஸ் விமான நிலைய வாசலில் நின்ற டாக்சிக்காரர், தென்கரை மீன்பிடி ஊரான ஆய்ஸ்டின்ஸ் போக 70 பார்படாஸ் டாலர் கேட்டார். ஆறேழு கிலோமீட்டர்தான் தூரம். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர். 1975 முதல் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆக, நம் பணத்தில் சுமார் மூவாயிரம் ரூபாய்! இங்கே டாக்சிகளில் மீட்டர் கிடையாது. பெட்டியோடு வெளியே வருகிறவரைப் பார்த்ததும் சிலர் வாய்க்கு வந்த தொகையைச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அதே ஆய்ஸ்டின்ஸுக்கு 3.50 டாலர். தீவின் எந்த மூலைக்குப் போனாலும் பேருந்தில் அதே 3.50 தான். பட்ஜெட் பயணிக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

நிறுத்தக் கம்பங்களில் ஊர்ப் பெயர் இருக்காது. ஒரு பக்கம் 'நகரத்துக்கு', எதிர்ப்பக்கம் 'நகரத்துக்கு வெளியே', அவ்வளவுதான். நகரம் என்றால் தலைநகர் பிரிட்ஜ்டவுன். நீல நிற அரசுப் பேருந்தில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள், சரியான காசு கையில் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது வெள்ளை உடம்பில் அரக்குப் பட்டை போட்ட இசட்.ஆர். வேன்தான். நம்பர் பிளேட்டில் இருக்கும் எழுத்துகளே அதற்குப் பெயராகிவிட்டன. தென்கரைச் சாலையில் 11ஆம் எண் வேன் ஓயாமல் ஓடுகிறது. இடமே இல்லாத இருக்கையில் இன்னொருவரைத் திணிப்பார் நடத்துநர், பாட்டு காதைப் பிளக்கும், வளைவுகளில் வயிறு கலங்கும். ஆனாலும் ஏறுகிற ஒவ்வொருவரும் வேன் முழுவதற்கும் பொதுவாக ஒரு 'குட் மார்னிங்' சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள், உள்ளே இருப்பவர்களும் பதில் சொல்கிறார்கள். கடையிலும் அப்படித்தான். வணக்கம் சொல்லாமல் நேரே விலையைக் கேட்டால் முகம் இறுகிவிடும். சொல்லிப் பாருங்கள், எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறாய், சாப்பிட்டாயா என்று பேச்சு நீண்டுவிடும்.

ஆய்ஸ்டின்ஸில் வெள்ளிக்கிழமை இரவு மீன் திருவிழாதான். கரியடுப்பில் வாட்டிய மார்லின் மீன், மாக்கரோனி பை, வறுத்த வாழைப்பழம் என ஒரு தட்டு 45 டாலர். விலை உறுத்தியது, ஆனால் அது இரண்டு பேர் சாப்பிடும் அளவு. மேசையில் இருந்த மஞ்சள் நிற மிளகாய்ச் சாஸைத் தொட்டுச் சாப்பிட்டேன். கடுகும் ஸ்காட்ச் பானட் மிளகாயும் சேர்ந்த அந்தக் காரம் நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும்.

அதைவிட நான் ரசித்தது பகல் நேர மீன் சந்தையை. பறக்கும் மீனைச் சுத்தம் செய்யும் ஓர் அம்மாவின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். சின்னக் கத்திதான். இறக்கை போன்ற துடுப்பு முதலில் போகிறது, வயிறு பிளக்கிறது, நடுமுள் ஒரே இழுப்பில் வருகிறது. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத பொடி முள்ளையெல்லாம் விரல் நுனியால் தடவித் தடவி எடுக்கிறார். "முள் இருந்தால் நாளைக்கு நீ வரமாட்டாயே, டார்லிங்" என்றார். இந்த மீனை ஒரு டாலர் நாணயத்திலேயே பொறித்திருக்கிறார்கள். இதோடு சாப்பிடும் கூகூ, சோளமாவையும் வெண்டைக்காயையும் சேர்த்துக் கிண்டுவது. நம் களி மாதிரியே இருந்ததால் எனக்கு அது முதல் வாயிலேயே பழகிவிட்டது. சைவக்காரர்களுக்குச் சீமைப்பலா இருக்கிறது, ஆனால் தேடித்தான் சாப்பிட வேண்டும்.

தங்கிய அறைக்குப் பக்கத்தில் ஒரு ரம் கடை. மாலையானால் டாமினோ கட்டைகளை மேசையில் ஓங்கி அறையும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இந்தியன் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவலில் இந்தியா டி20 உலகக்கோப்பையை வென்றதே, அந்த இறுதிப் போட்டிக்கு அவரும் போயிருக்கிறார். பவுண்டரிக் கோட்டில் சூர்யகுமார் பிடித்த கேட்ச்சை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். "மால்கம் மார்ஷலுக்கு அப்புறம் நான் மயங்கிப் பார்த்தது உங்கள் பும்ராவைத்தான்" என்றார். மார்ஷல் அந்தத் தீவு தந்த வேகப்பந்து வீச்சாளர். பிறகு சட்டைப் பையிலிருந்து ஐந்து டாலர் நோட்டை எடுத்து நீட்டினார். அதில் இருப்பவர் ஃபிராங்க் வொரெல், மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஒரு தொடர் முழுவதும் தலைமை வகித்த முதல் கறுப்பினத்தவர். கிரிக்கெட் வீரரைப் பணத்தில் அச்சடித்த நாட்டில் கிரிக்கெட் பேச எனக்குக் கசக்குமா? கடை மூடும் வரை பேசினோம்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: மளிகை விலை கொள்ளை, பெரும்பாலும் கப்பலில் வருவதுதான். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், பவளச் சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வரும் குழாய்த் தண்ணீரே அருமை. கடற்கரை எல்லாம் பொது, ஆடம்பர ஹோட்டல் முன்னாலும் தாராளமாகத் துண்டை விரிக்கலாம். ராணுவப் புள்ளிச் சட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், குழந்தைக்குப் போட்டாலும் அங்கே அது சட்டப்படி குற்றம். வெள்ளிக்கிழமை ஆய்ஸ்டின்ஸுக்கு இருட்டும் முன்பே போய்விடுங்கள். அப்புறம் போனால் மீனுக்கு வரிசையில் நின்றே பாதி இரவு கழிந்துவிடும்.