கு எங்கே போனது?

பெரியப்பா தன் பள்ளிக்கூட நாட்களை எழுதி, டிடிபி கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வாங்கிய கோப்பு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை இபப் மின்னூலாக்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

முதலில் பாமினியையே நூலுக்குள் பொதித்துப் பார்த்தேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தேடினால் ஒரு சொல்லும் அகப்படவில்லை. வேறொரு செயலியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. பாமினியில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துக்கு மாட்டிய முகமூடி, அவ்வளவுதான். தமிழ் எழுத்துக்கென்றே குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்ப்பதற்கே இரண்டு வாரம் போனது.

அப்புறம் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற யூனிகோடு எழுத்துருவை எடுத்துக்கொண்டேன். ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் வருவதால் நூலோடு சேர்த்துக் கொடுக்கத் தடையில்லை. விண்டோஸோடு வரும் எழுத்துருக்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. சிகில் என்ற மின்னூல் தயாரிக்கும் மென்பொருளில் எழுத்துருவைச் சேர்த்து, நூலின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், எழுத்துருக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஃபான்ட்-ஃபேஸ் விதியை எழுதினேன். போனில் திறந்தால் அந்த எழுத்துரு வரவே இல்லை. கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய 'என்'னில் தொடங்க, நான் சிஎஸ்எஸ்ஸில் சின்ன 'என்' போட்டிருந்தேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை! தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பு வைக்காததால் தலைப்புகள் மை கசிந்தது போல இருந்தன, அதையும் சேர்த்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோப்பைச் சிறிதாக்குகிறேன் என்று, தேவையான எழுத்துகளை மட்டும் வைத்து மற்றதை வெட்டும் ஓர் இணையக் கருவியில் எழுத்துருவைக் கொடுத்தேன். மறுநாள் பெரியப்பாவிடமிருந்து போன்: "டேய், குளத்துல 'கு'வைக் காணோமே?"

'க' தனியாக நிற்க, உகரக் குறி பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது. 'டி', 'மூ' எல்லாம் இதே கதி. நம் 247 எழுத்தில் யூனிகோடில் தனிக் குறியீடு உள்ளவை உயிர், ஆய்தம், அகரமேறிய மெய் மட்டுமே. மற்றவற்றுக்குக் குறிகளும் புள்ளியும்தான் உண்டு. க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் 'கு' வடிவத்தைக் காட்டு என்ற விதி எழுத்துருவுக்குள் ஜிசப் என்ற அட்டவணையில் இருக்கிறது. அந்தக் கருவி குறியீடுகளை மட்டும் எண்ணிப் பார்த்து, அட்டவணையைத் தூக்கிவிட்டது. ஃபான்ட்டூல்ஸ் என்ற எழுத்துருக் கருவியில் சேர்க்கை விதிகளை விடாமல் வெட்டலாம். ஆனால் சீன எழுத்துரு போல ஆயிரக்கணக்கில் வடிவங்கள் இருந்தால் வெட்டுவதில் அர்த்தம் உண்டு. தமிழுக்கு அது வீண் வேலை. முழுக் கோப்பையே திரும்ப வைத்தேன்.

சரி, எல்லாம் முடிந்து நூலை அனுப்பினேன். போன வாரம் அவர் போனை வாங்கிப் பார்த்தால், செயலியின் அமைப்பில் வேறு எழுத்துருவுக்கு மாற்றி, அளவையும் இரண்டு மடங்காக்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்.