கையெழுத்துக்கு இரண்டு வாரம்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இரவு வேலை முடித்து தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மின்னஞ்சல் வந்தது. விமானி வேலை. ஏர்பஸ் ஏ320. தேர்வாகிவிட்டேன். ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறார்கள், 18ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

வாசலில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னம்மா, முகமே சரியில்லையே?” என்றார். என்னால் பேச முடியவில்லை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தென்கிழக்காசியாவில் பறக்கும் ஒரு மலிவுக் கட்டண விமான நிறுவனம். நான் தங்கியிருந்து பறக்கவேண்டிய தளம் சிங்கப்பூரில் இல்லை, இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஒரு நகரம். முடிவெடுக்கும்வரை இங்கே எழுதிக்கொண்டு வருகிறேன். எழுதினால்தான் எனக்குத் தெளிவு வரும்.

இதுவரை படிக்காதவர்களுக்காக என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம் ஜண்டகோட் விமான நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். 2019 டிசம்பரில் வணிக விமானி உரிமம், கருவிப் பறப்புத் தகுதி (வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்தே ஓட்டுவதற்கானது), 212 மணி நேரப் பறப்பு, இவற்றோடு ஊர் திரும்பினேன். ஐந்தே மாதத்தில், 2020 மே மாதம், கொரோனாவால் சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தையும் நான்காம் முனையத்தையும் மூடிவிட்டார்கள். அனுபவமுள்ள விமானிகளுக்கே வேலை இல்லாத காலம் அது. 212 மணி நேரக்காரியை யார் எடுப்பார்கள்? அப்புறம்தான் விமான நிலையத்தில் லோட் கன்ட்ரோல் வேலையில் சேர்ந்தேன். பயணிகள், பெட்டிகள், சரக்கு, எரிபொருள் எல்லாவற்றின் எடையையும் கணக்கிட்டு, விமானத்தின் சமநிலை சரியாக இருக்கிறதா என்று பார்த்து லோட்ஷீட் தயாரிக்கும் வேலை. எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் நான் கணக்குப் போட்ட விமானங்களை எல்லாம் வேறு யாரோ ஓட்டினார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒப்பந்தத்தை அச்செடுத்து பென்சிலோடு உட்கார்ந்தேன். 14 பக்கம்.

டைப் ரேட்டிங் செலவை அவர்களே ஏற்கிறார்கள். ஏ320 ஓட்டுவதற்கான தனித் தகுதி அது: வகுப்புப் பாடம், பிறகு சிமுலேட்டர் என்ற பாவனை விமானி அறை, கடைசியில் நிஜ விமானத்தில் பயணிகள் இல்லாமல் சுற்றிச் சுற்றித் தரையிறக்கும் பயிற்சி. அதை விமானி தன் காசில் முடித்துக்கொண்டு வரவேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அந்த வகையில் இது நல்ல ஒப்பந்தம். பதிலுக்கு ஐந்து வருட பாண்ட். இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும், ஆண்டுக்கு ஆண்டு தொகை குறையும்.

பயிற்சி முடியும்வரை உதவித்தொகை மட்டும்தான், இப்போது வாங்கும் சம்பளத்தில் பாதிகூட வராது. அதன்பின் அடிப்படைச் சம்பளமும் பறக்கும் மணிக்கு ஏற்ற படியும். பறக்காத மாதத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று தேடினேன். 9ஆம் பக்கத்தில் இருந்தது: மாதத்துக்கு 50 மணி நேரத்துக்கான படி உத்தரவாதம். சரி, பரவாயில்லை.

பென்சில் நின்றது 11ஆம் பக்கத்தில். பாண்ட் காலத்தில் ‘எந்தக் காரணத்தால் பணி முடிவுக்கு வந்தாலும்’ மீதித் தொகையை ஊழியர் கட்டவேண்டும். எந்தக் காரணத்தால் என்றால்? நான் விலகினால் நியாயம். அவர்களே ஆட்குறைப்புச் செய்தால்? நிறுவனமே மூடினால்?

வீண் பயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐந்து நாள் முன்பு, ஜூலை 31 அன்று, இங்குள்ள மலிவுக் கட்டண நிறுவனமான ஜெட்ஸ்டார் ஏஷியா தன் கடைசி விமானங்களை இயக்கிவிட்டு மூடியது. 500க்கும் மேற்பட்டவர்களின் வேலை போயிற்று. 2004இல் பறக்கத் தொடங்கிய நிறுவனம் அது. அதே ஆண்டு தொடங்கிய வேல்யூஏர் மறு ஆண்டே ஜெட்ஸ்டார் ஏஷியாவோடு சேர்ந்தது. டைகர் விமான நிறுவனம் 2017இல் ஸ்கூட் நிறுவனத்துக்குள் போனது. நம் கண்முன்னே நடந்தவை இவை. டிக்கெட் விலை குறைவு, லாபம் மெல்லியது, எரிபொருளோ விமான நிலையக் கட்டணமோ கொஞ்சம் ஏறினாலும் தாங்காது. ஐந்து வருட பாண்ட் போடுகிறவள் அந்த ஐந்து வருடமும் நிறுவனம் இருக்குமா என்று கேட்கத்தான் வேண்டும்.

அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடியற்காலை சுமத்ரா புயல்காற்று. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. இறங்க வந்த விமானங்கள் வானத்தில் வட்டமடித்தன. மின்னல் எச்சரிக்கை இருந்தவரை விமானங்கள் நிற்கும் இடத்துக்கு யாரும் வெளியே போகவில்லை. எச்சரிக்கை விலகியதும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தன. ஆள் பற்றவில்லை என்று ஒரு ஏ320க்கு லோட்ஷீட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மழை முழுதாக விட்டிருக்கவில்லை. பளிச்சென்ற மேலங்கி போட்ட துணை விமானி ஒருவர் கையில் டார்ச்சோடு விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முன்சக்கரத்தின் அருகே குனிந்தார். எஞ்சினுக்குள் டார்ச் அடித்து, விசிறித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறக்கைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார், மழைநீர் முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. அடுத்து பிரேக் தேய்மானம் காட்டும் சின்னக் கம்பி. அந்த விமானத்துக்கு ஏற்கெனவே தாமதம். அவர் சுற்றிய வேகம் மட்டும் கூடவில்லை.

மலிவு என்றால் எதில் மலிவு என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே வகை விமானம், அதனால் ஒரே பயிற்சி, ஒரே உதிரிபாகக் கையிருப்பு. 180 இருக்கை, ஒரே வகுப்பு. வந்து நின்றதிலிருந்து 30 நிமிடத்தில் திரும்பக் கிளப்புவது. சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனிக்காசு. மிச்சம் பிடிப்பது அங்கேதான். விமானி எழுதும் பரீட்சையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் எஞ்சின் செயலிழந்தால் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கும் சோதனையும் எந்த நிறுவனத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் பெரிய விமானத்தில் மாதம் 80 மணி நேரம் பறந்தாலும் கைக்குக் கிடைக்கும் தரையிறக்கம் கொஞ்சம்தான். 90 நாளில் மூன்று தரையிறக்கம் செய்தாக வேண்டும் என்ற விதியை நிறைவேற்றவே சிலர் சிமுலேட்டருக்குப் போகிறார்கள். குறுந்தூர விமானத்தில் ஒரு நாளில் நான்கு முறை ஏறி இறங்குவார்கள். கற்றுக்கொள்ளும் வயதில் எனக்கு அது பெரிய விஷயம். வெறும் 212 மணி நேரத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

தேசிய தினம். நாட்டுக்கு 60 வயது. அம்மா பாயசம் வைத்தார். போர் விமானங்களின் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுச் சிறுவன் நடைபாதையில் ஓடினான், நானும் ஓடினேன். ஒப்பந்தத்தை இன்று தொடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் கேப்டன் அண்ணனைப் பார்த்தேன். ஏ320இல் பல ஆண்டு ஓட்டியவர், பெர்த்தில் எனக்கு அறிமுகமானவர். நாசி லெமாக் வரிசையில் நிற்கும்போதே ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

“சம்பளத்தை அப்புறம் பார்ப்போம். மாசத்துக்கு எத்தனை நாள் லீவு? அது தொடர்ந்து கிடைக்குமா, ஒத்தை ஒத்தையா வருமா?”

எட்டு நாள். தொடர்ந்து என்று எழுதவில்லை.

“அப்போ நெனச்சப்ப சிங்கப்பூர் வரலாம்னு கணக்குப் போடாதே. ஒரு நாள் லீவுல வந்தா வந்த களைப்போடயே திரும்பிப் போவே. அங்கேயே வீடு எடு, அங்கேயே இரு.”

11ஆம் பக்கத்துக்கு வந்ததும் என் பென்சில் கோட்டைத் தட்டிக் காட்டினார். “நல்லவேளை, இதைப் பார்த்துட்டே. எழுதிக் கேளு. போன்ல கேட்காதே, போன்ல எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க.”

2020இல் அவர் வேலையில்லாமல் பார்சல் விநியோகம் செய்தவர். அந்தக் காலத்தைப் பற்றி நான் கேட்டதில்லை, இன்று அவரே சொன்னார். புளோக் புளோக்காக மாடியேறி இறங்கிவிட்டு, இரவில் சமையலறையில் அமர்ந்து, தீ எச்சரிக்கை வந்தால் முதலில் எதைத் தொடவேண்டும், அடுத்து எதை, என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாராம். மறுபடி கூப்பிடும்போது கை தயாராக இருக்கவேண்டுமே என்று.

கிளம்பும்போது சொன்னார்: “கேப்டன் ஆகத் தேவையான ஏர்லைன் விமானி உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேணும். அது எங்கே கிடைக்குதோ அங்கே போம்மா. ஆனா அந்த ஒரு வரியை மாத்தாம கையெழுத்துப் போட்டுடாதே.”

ஆகஸ்ட் 13, புதன்

அப்பாவோடு இன்றுதான் உட்கார்ந்து பேச முடிந்தது.

எங்கள் வீட்டின் முதல் கேப்டன் அப்பா. சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுநரை பஸ் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். 36ஆம் எண் பேருந்தை வருடக்கணக்கில் ஓட்டியவர், விமான நிலையத்திலிருந்து மரின் பரேட் வழியாக ஆர்ச்சர்ட் பக்கம் போய்த் திரும்பும் வழி. 2009இல் எங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனதும் அவர் பணத்தில்தான், அப்போதிருந்த பட்ஜெட் டெர்மினலிலிருந்து. 2012இல் அதை மூடிவிட்டார்கள், அந்த இடத்தில்தான் இப்போதைய நான்காம் முனையம் நிற்கிறது. அங்கே ஏரோபிரிட்ஜ் கிடையாது, தரையில் நடந்துபோய்ப் படியேற வேண்டும். எனக்கு 15 வயது. எஞ்சினை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுக்க, அப்பா மட்டும் “பார்க்கட்டும்” என்றார்.

என் பயிற்சிக்குப் பெரும்பங்கு அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து போனது. மாதாமாதம் கொஞ்சம் திருப்பித் தருகிறேன். உதவித்தொகைக் காலத்தில் அதை நிறுத்தவேண்டிவரும். நெஞ்சில் கனத்தது அதுதான், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அப்பா கேட்டதோ வேறு.

“காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?”

ஆறு மணிப் புறப்பாடு என்றால் மூன்று, மூன்றரைக்கு என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஒருமுறை தொடர்ந்து ஆறு நாள் அதிகாலை ஷிஃப்ட். ஆறாம் நாள் மரின் பரேட் தாண்டியதும், கடைசி மூன்று நிறுத்தங்களில் நின்றோமா என்றே நினைவில்லை. ஆட்கள் ஏறியிருக்கிறார்கள், காசு போட்டிருக்கிறார்கள், கதவு திறந்து மூடியிருக்கிறது. அவருக்கு ஞாபகம் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் பேருந்தை ஓரம் கட்டி, முடியவில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். மேலதிகாரி திட்டினார், ஒரு நாள் சம்பளம் போயிற்று.

“அந்த மாதிரி நாள்ல ‘என்னால இன்னைக்கு முடியாது’ன்னு சொன்னா அங்கே ஒத்துக்குவாங்களாம்மா?”

14 பக்கத்தையும் பென்சிலோடு படித்த எனக்கு இது தோன்றவில்லை. 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது தெரியும், ஓய்வு நேரக் கணக்கும் தெரியும். எல்லாம் எண்கள். களைப்பு என்று சொல்லி ஒரு விமானத்தை மறுத்தால் படி வெட்டுவார்களா, ஆளைக் குறித்துவைப்பார்களா என்பதை எண்களில் பார்க்க முடியாது.

பணத்தைப் பற்றி நானே ஆரம்பித்தேன். கையை அசைத்துவிட்டார். அம்மாதான் உள்ளேயிருந்து சொன்னார்: “ஆறு வருஷமா அந்த லைசென்ஸை பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில வச்சிருக்கோம். எடுத்துக்கிட்டுப் போம்மா.”

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்று, நிறுவனமே பணியை முடித்தால் பாண்ட் என்னவாகும்? இரண்டு, களைப்பு காரணமாக விமானி ஒரு பறப்பை மறுத்தால் அதை எப்படிக் கையாள்வீர்கள்? இரண்டாவதை எழுதும்போது விரல் தயங்கியது. வேலையில் சேரும் முன்பே களைப்பைப் பற்றிக் கேட்கிறாளே என்று நினைப்பார்களோ? நினைத்தால் நினைக்கட்டும் என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 16, சனி

பதில் இல்லை. இரண்டு லோட்ஷீட்களை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை 9:20க்குப் பதில் வந்தது. ஆட்குறைப்பாலோ நிறுவனம் மூடுவதாலோ பணி முடிந்தால் பாண்ட் தொகை வசூலிக்கப்படாது என்று ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்திட ஒரு பக்க இணைப்பு. களைப்பு பற்றிய கேள்விக்கு, அறிக்கை கொடுக்கும் முறையும் அதற்கான படிவமும் அனுப்பியிருந்தார்கள். மறுத்த பறப்புக்குரிய படி கிடைக்காது, ஒழுங்கு நடவடிக்கை இருக்காது. முழுத் திருப்தி இல்லை. ஆனால் எழுத்தில் இருக்கிறது.

லீவு நாட்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதி கிடைக்கவில்லை. அங்கேயே வீடு எடுக்க வேண்டியதுதான்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். படி போவது பற்றிய வரியில் நிறுத்தச் சொல்லி இன்னொருமுறை கேட்டார். “ஒரு நாள் காசு போனா போகட்டும். சொல்லணும்னு தோணுற அன்னைக்குச் சொல்லிடு,” என்றார். சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

10:40க்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அக்டோபர் 6 வகுப்பு தொடங்குகிறது. பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து உரிமத்தை அம்மாவே எடுத்துக் கொடுத்தார். இன்றிரவு எனக்கு லோட் கன்ட்ரோல் ஷிஃப்ட் இருக்கிறது, பத்து மணிக்கு.