நெஞ்செலும்பு செஞ்சு பாக்குறேன், மூணாவது வாரம்

போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் பண்ணப்ப நெஞ்செலும்பை மேலேருந்து கீழ வரைக்கும் நடுவுல அறுத்து, வேலை முடிஞ்சதும் ஸ்டீல் கம்பி போட்டு முறுக்கி மூடினாங்க. எக்ஸ்ரேல அந்தக் கம்பி முடிச்செல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா தெரிஞ்சுது. அன்னிலேருந்து அந்த எலும்பு எப்படித்தான் இருக்கும்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. காகிதக்கூழ் வேலை எனக்குப் பழக்கம்தான், அதனால நிஜ சைஸ்ல ஒண்ணு செஞ்சே பாத்துடலாம்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல களிமண்ணுல பிடிச்சேன். பெரியவங்களுக்கு இது சுமாரா 15லேருந்து 17 செ.மீ. நீளம், நான் 16 வெச்சேன், காஞ்சதும் சுருங்கி 15க்குக் கீழ போயிடுச்சு, நடுவுல விரிசல் வேற. அதை விட்டுட்டு கூழுக்கு வந்துட்டேன். நியூஸ்பேப்பரை கிழிச்சு ரெண்டு நாள் ஊறவெச்சு, ஊறின வெந்தயத்தோட சேத்து அரைச்சது. எங்க ஆயா கூடைக்கு அரைக்கிற அதே பக்குவம், பூச்சி அண்டாது.

ரெண்டாவது செஞ்சது பாக்க அழகா வந்துச்சு, ஆனா தப்பு. கழுத்து டை மாதிரி மேல அகலமா, கீழ நீளமா, மொத்தமும் ஒரே தட்டையா செஞ்சிருந்தேன். படத்துல நேரா முன்னாடிலேருந்து பாத்தா அப்படித்தான் தெரியுது. பக்கவாட்டுப் படத்தை பாத்தப்பதான் புரிஞ்சுது, அது நேர் பலகையே இல்ல, நடுவுல ஒரு மடிப்பு இருக்கு.

நீங்களும் தொட்டுப் பாக்கலாம். தொண்டைக்குழியில விரலை வெச்சு மெதுவா கீழ இறக்குங்க, ஒரு நாலஞ்சு செ.மீ. தாண்டினதும் குறுக்கால ஒரு மேடு தட்டும். மேல இருக்கிற கைப்பிடித் துண்டும் கீழ இருக்கிற உடல் துண்டும் சேர்ற இடம் அது, சுமாரா 160 டிகிரியில சாஞ்சு சேருது. அந்த மேட்டுக்கு நேர் பக்கத்துலதான் ரெண்டாவது விலா வந்து ஒட்டுது. மொதல் விலா காறை எலும்புக்கு அடியில மறைஞ்சுக்கிறதால விரலுக்கு சரியா சிக்காது, அதனால டாக்டருங்க விலா எண்ணும்போது இங்கேருந்துதான் ரெண்டுன்னு ஆரம்பிக்கிறாங்க. உள்ள மூச்சுக்குழாய் ரெண்டா பிரியறதும் கிட்டத்தட்ட இதே மட்டத்துலதான். சும்மா ஒரு மேடுன்னு நெனச்சுத் தாண்டி வந்தது, இப்ப எனக்கு இந்த எலும்புலயே ரொம்பப் பிடிச்ச இடம் ஆயிடுச்சு.

மூணாவதுல அந்த மடிப்பை மொதல்ல பண்ணிட்டுதான் மத்ததைத் தொட்டேன். ரெண்டு ஓரத்துலயும் விலா வந்து ஒட்டுற குழிகளை சம இடைவெளில குடைஞ்சுட்டு மறுபடி அடைக்க வேண்டியதாப் போச்சு, ஏன்னா நிஜத்துல அது கீழ போகப் போக நெருங்கிடுது, அஞ்சு ஆறு ஏழு எல்லாம் ஒட்டி ஒட்டி நிக்குது. ரெண்டாவது விலாவோட குழி பாதி மேல் துண்டுல, பாதி கீழ் துண்டுல இருக்கு. உடல் துண்டோட முன்பக்கம் குறுக்கால மூணு மெல்லிசான கோடு கீறினேன். சின்ன வயசுல அது நாலு தனித்தனி துண்டா இருந்து, 25 வயசுக்குள்ள ஒண்ணா சேந்ததோட தழும்பு அது.

செய்யும்போது அடிக்கடி என் நெஞ்சுல கைய வெச்சுப் பாத்துக்குவேன். மூச்சை இழுத்தா எலும்பு முன்னாடியும் மேலயும் ஏறுது, விட்டா இறங்குது. உடற்கூறு படிக்கிறவங்க இதை அடிபம்பு கைப்பிடி மாதிரின்னுதான் சொல்றாங்க. ஆபரேஷன் முடிஞ்சு வந்த அப்பா இருமல் வர்றப்பல்லாம் தலையணைய நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்குவார், நர்ஸ் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அப்ப அது எனக்குப் புரியல. கை ஒடைஞ்சா மாவுக்கட்டு போட்டு அசையாம வெச்சுடலாம், இந்த எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைஞ்சுக்கிட்டே கூடணும். அந்தக் கம்பியும் தலையணையும் எதுக்குன்னு இப்ப நல்லாத் தெரியுது.

இப்ப பாக்கி இருக்கிறது அடிநுனி. நெஞ்சுக்குழிக்கு மேல கூரா தொங்குற துண்டு, சின்ன வயசுல குருத்தெலும்புதான், 40 வயசு வாக்குலதான் கெட்டியாகுது. சிலருக்கு நுனி ரெண்டா பிளந்திருக்கும், சிலருக்கு நடுவுல ஓட்டை இருக்கும். நடுவயசுல திடீர்னு கையில தட்டுப்பட்டு கட்டியோன்னு பயந்துபோறவங்களும் உண்டு. சிபிஆர், அதாவது இதயம் நின்னுபோனவங்களுக்கு நெஞ்சை அழுத்திப் பண்ற முதலுதவி, பண்ணும்போது நெஞ்செலும்போட கீழ்ப்பாதில அழுத்துங்க, ஆனா இந்த நுனி மேல மட்டும் கைய வெக்காதீங்கன்னு சொல்லிக் குடுப்பாங்க. என் மாடல்ல இதுவரைக்கும் ரெண்டு தடவ ஒடஞ்சிடுச்சு. நேத்து உள்ள கட்டுக்கம்பி ஒண்ணு சொருகி, கூழ் அப்பி மொட்டை மாடில காயப் போட்டிருக்கேன். காஞ்சதும் விலாவோட குருத்தெலும்பு ஒட்டணும், அதுக்கு வளையிற மாதிரி ஏதாவது வேணும், பழைய சைக்கிள் ட்யூபை பட்டையா வெட்டி வெச்சிருக்கேன்.